யாரும் பாக்கியில்லை

மதியம் இரண்டு ஐம்பதுக்கு ஜெபசுதா கணினியில் ஒரே ஒரு வரி தட்டினாள். பதிலுக்குத் திரை ஒரு வெற்று வரியைக் காட்டியது. அந்த வெறுமையைப் பார்த்ததும் அவள் கண்கள் நிறைந்துவிட்டன. விடியற்காலையில் கடலுக்குப் போன இருநூற்றுப் பன்னிரண்டு வள்ளங்களில் கரை சேராதது ஒன்றுகூட இல்லை என்று அதற்கு அர்த்தம்.

"அண்ணாச்சி! யாரும் பாக்கியில்ல!"

அடுத்த அறையிலிருந்து நேசக்குமார் ஓடி வந்தார். கடலோரப் பாதுகாப்புக்காக நடக்கும் அந்தச் சிறிய அறக்கட்டளைக்கு அவர்தான் பொறுப்பாளர். பகல் பன்னிரண்டரைக்குச் சூறைக்காற்று எச்சரிக்கை வந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவர்.

"நல்லாப் பாத்தியாம்மா?"

"பாத்துட்டேன் அண்ணாச்சி. எல்லாரும் வந்தாச்சு."

அவர் வயர்லெஸ்ஸை எடுத்தார். வான் தீவுக்கு அப்பால் அலையில் அடிபட்டுக்கொண்டிருந்த மீட்புப் படகைத் திரும்பி வரச் சொன்னார். பிறகு மீன்வளத் துறைக்குச் சொன்னார். நிருபர் ஒருவர் கேட்டதற்கும் அதையே சொன்னார். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

வாசலில் நின்றிருந்த மெட்டில்டா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அலுவலகத்தைப் பெருக்கி, காப்பி போட்டுக் கொடுப்பவள் அவள். அவள் கணவன் அமலதாசும் அன்று விண்ணரசி என்ற வள்ளத்தில் கடலுக்குப் போயிருந்தான்.

"சுதாக்கா, விண்ணரசி வந்துட்டா?"

"வந்துட்டு மெட்டில்டா. ஒண்ணு முப்பத்தெட்டுக்கே வந்துட்டு."

"மாதாவே! போன் போட்டாப் போகமாட்டேங்கு. தண்ணியில நனஞ்சிருக்கும். இருங்க, எல்லாருக்கும் நல்ல காப்பியாப் போட்டுத் தாரேன்."

அவள் உள்ளே போனாள். ஜன்னல் கதவு காற்றில் படார் என்று அடித்தது. வெளியே வேப்பமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

ஜெபசுதாவுக்கு வயது முப்பத்தாறு. சாயர்புரத்தில் கணக்குப் படித்தவள். படித்து முடித்த கையோடு சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அங்கே பழைய கணினி ஒன்றில் ஏ.பி.எல். என்ற மொழி இன்னும் உயிரோடு இருந்தது. சொற்களே இல்லாமல், முக்கோணமும் வட்டமும் நெளிகோடுமாகக் குறிகளாலேயே எழுதும் மொழி. மற்றவர்கள் பார்த்துவிட்டு ஓடினார்கள். இவள் மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

அவளை அதில் கட்டிப்போட்டது ஒரு குணம். மற்ற மொழிகளில் பத்தாயிரம் பெயர்கள் இருந்தால் ஒவ்வொரு பெயராக எடுத்து, பார்த்து, வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். இதில் பத்தாயிரம் பெயரையும் ஒரே வரிசையாக நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்கலாம். ஆம் என்பவர்களுக்கு ஒன்று, இல்லை என்பவர்களுக்குப் பூஜ்யம். அந்த ஒன்றும் பூஜ்யமும்தான் சல்லடை. வரிசையை அதில் சலித்தால் வேண்டியவர்கள் நிற்பார்கள், வேண்டாதவர்கள் உதிர்வார்கள். ஒரு வரி, ஒரு மூச்சு.

பதினொரு வருடம் அப்படிச் சலித்தாள். இடையில் கல்யாணம் நடந்தது. இரண்டே வருடத்தில் அது முறிந்தும் போனது. பிறகு நிறுவனம் அந்தப் பழைய கணினியை நிறுத்தியது. அதோடு அவளையும். இரண்டு பெட்டிகளோடு தூத்துக்குடிக்கு வந்து, மாப்பிள்ளையூரணியில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, இந்த அறக்கட்டளையில் சேர்ந்தாள். சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. யாருமில்லாத அந்த வீட்டில் அவளுக்கு ஒரே பெருமை, இருநூறு வள்ளத்து ஆண்கள் கரை சேர்ந்தார்களா என்று மாலைதோறும் தன் ஒரு வரி சொல்லிவிடும் என்பதுதான்.

வந்த முதல் மாதம் வள்ளங்களின் பதிவெண்ணைத்தான் கேட்டாள். கடற்கரையில் சிரித்தார்கள்.

"பெத்த பிள்ளைய நம்பரச் சொல்லியாம்மா கூப்பிடுவோம்?" என்றார் ஒரு பெரியவர்.

அவர்கள் சொன்னது பெயரைத்தான். வள்ளத்தின் பெயர், பின்னால் மொதலாளியின் பெயர். மாதாவின் பெயரும் புனிதர்களின் பெயரும் பத்து வள்ளங்களுக்கு இருக்கும். ஆனால் மொதலாளி பெயரையும் சேர்த்துவிட்டால் தனித்தனியாகிவிடும் என்று ஜெபசுதா நினைத்தாள். காலையில் போகிற வள்ளங்கள் ஒரு பட்டியல். திரும்புகிறவை மறு பட்டியல். முதல் பட்டியலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒரு சிறிய நெளிகோடு. 'இதிலிருந்து அதில் இருப்பதையெல்லாம் நீக்கு' என்று அதற்குப் பொருள். மிஞ்சுவது கடலில் இருப்பவர்கள்.

எண்ணிக்கையை அவள் நம்புவதில்லை. அதற்கு அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஒரே வள்ளத்தை ஏலக்கூடத்தில் நிற்பவர் ஒருமுறை சொல்வார், ஐஸ் கம்பெனிப் பக்கம் நிற்பவர் மறுமுறை சொல்வார். காற்றுக்குப் பயந்து ஒதுங்கும் வெளியூர் வள்ளங்களும் பட்டியலில் ஏறிவிடும். அன்றும் திரும்பியவர் பட்டியலில் இருநூற்று நாற்பதுக்கு மேல் வரிகள். அதைக் கூட்டிப் பார்த்து என்ன ஆகப்போகிறது? நெளிகோடு போதும்.

மூன்று பத்துக்குத் தொலைபேசி அடித்தது. திரேஸ்புரம் கடற்கரையிலிருந்து சுடலைக்கண்ணன். ஏலக்கூடத்தில் வேலை செய்கிறவர். காற்று இரைச்சலில் அவர் குரல் கிழிந்து கிழிந்து வந்தது.

"கம்ப்யூட்டரம்மா! யாரும் பாக்கியில்லன்னா சொல்லுதீய?"

"ஆமாண்ணே. எல்லாம் வந்துட்டு."

"நான் கூடத்து மேல ஏறி நின்னு எண்ணுதேன். நம்ம வள்ளம் எரநூத்திப் பதினொண்ணுதான் இருக்கு."

"வெளியூர் வள்ளத்தையும் சேத்துக் கொழப்பியிருப்பீய."

"ஏம்மா, நம்ம வள்ளம் எது, ஊரான் வள்ளம் எதுன்னு எனக்குத் தெரியாதா? மூணு தரம் எண்ணிட்டேன். உங்க பெட்டிக்குக் கண்ணு இருக்கா? எனக்கு ரெண்டு இருக்கு."

"பழைய துறைமுகத்துப் பக்கம் ஒண்ணு ஒதுங்கியிருக்கும்ணே."

"இருந்தா சந்தோசம். இல்லன்னா?"

தொடர்பு அறுந்தது.

இல்லையென்றால்? அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எரிச்சலோடுதான் திரைப்பக்கம் திரும்பினாள். அவரைப் பொய்யாக்கிவிட வேண்டும் என்றுதான் விசைப்பலகையில் கை வைத்தாள்.

காலைப் பட்டியலில் எத்தனை வரி? இருநூற்றுப் பன்னிரண்டு. சரிதான்.

சும்மா ஒரு யோசனை. ஒரே பெயர் மறுபடி வந்தால் விட்டுவிட்டு, வேறு வேறு பெயர்கள் எத்தனை என்று கேட்டாள்.

இருநூற்றுப் பதினொன்று.



சென்னையில் அவள் சலித்த பட்டியல்களில் ஒவ்வொரு பாலிசிக்கும் தனி எண் உண்டு. ஓர் எண் இருமுறை வராது. வருமா என்று பார்க்கும் பழக்கமே அவளுக்கு வந்ததில்லை. பதினொரு வருடமும் இந்த மூன்று வருடமும் அவள் கேட்காமல் விட்ட கேள்வி அது.

இன்னொரு குறியைத் தட்டினாள். முதல்முறையாக வரும் பெயருக்கு ஒன்று, ஏற்கெனவே வந்துவிட்ட பெயருக்குப் பூஜ்யம். திரையில் ஒன்றுகள் வரிசையாக ஓடின. ஒன்று, ஒன்று, ஒன்று. முதல் வரி முழுக்க ஒன்று. இரண்டாவது வரியும் அப்படியே. விரலைத் திரையில் வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். மூன்றாவது வரியின் நடுவில் விரல் நின்றது. நல்ல வலையில் விழுந்த ஓட்டை போல அங்கே ஒரு பூஜ்யம்.

அந்த இடத்தில் இருந்த பெயரைக் கேட்டாள்.

விண்ணரசி, இன்னாசி மச்சாது.

காலையில் நான்கு நாற்பதுக்கு ஒருமுறை பதிவாகியிருந்தது. ஐந்து மணி இருபதுக்கு இன்னொருமுறை. ஒருவேளை ஒரே வள்ளத்தை இரண்டு பேர் சொல்லியிருக்கலாம். அப்படியானால் போனதே இருநூற்றுப் பதினொன்றுதான். சுடலைக்கண்ணன் எண்ணியதும் சரி, யாரும் பாக்கியில்லை. ஆனால் இரண்டு வள்ளங்களாக இருந்தால்? ஒன்று திரும்பி வந்ததுமே அந்த நெளிகோடு இரண்டையும் துடைத்திருக்கும். அந்தப் பெயர் கொண்டவர் எல்லாரையும் நீக்கு என்றுதானே அவள் சொல்லி வைத்திருந்தாள்!

திரும்பியவர் பட்டியலைப் பார்த்தாள். அதிலும் விண்ணரசி இருமுறை இருந்தது. ஒன்று முப்பத்தெட்டு, ஒன்று ஐம்பத்திரண்டு. ஒரே வள்ளத்தை இரண்டு பேர் பார்த்ததா? அல்லது இரண்டும் வந்துவிட்டனவா? பட்டியல் வாய் திறக்கவில்லை.

"இந்தாங்க சுதாக்கா, காப்பி."

மெட்டில்டா டம்ளரை மேசையில் வைத்தாள். ஜெபசுதா நிமிர்ந்து பார்க்கவில்லை. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றாள்.

"மெட்டில்டா, மச்சாதுவுக்கு எத்தன வள்ளம்?"

"ரெண்டு. நீலம் ஒண்ணு, பச்சை ஒண்ணு. பச்சை இப்ப ஈஸ்டருக்குப் பெறவு வாங்குனது."

"பச்சைக்கு என்ன பேரு?"

"அதுக்கும் விண்ணரசிதான். நீலத்துல நல்ல மீன்பாடு கெடச்சுதுல்லா, ராசியான பேர மாத்தக்கூடாதுன்னு அதையே வச்சிட்டாரு. நாங்க நீலம், பச்சைன்னுதான் சொல்லுவோம்." மெட்டில்டா சிரித்தாள். "ஏன் கேக்குதீய?"

"அமலதாஸ் எதுல போறாரு?"

"பச்சையில."

ஜெபசுதா நிமிர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்த மெட்டில்டாவின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"என்னக்கா? எந்த விண்ணரசி வந்துச்சு? எக்கா, எந்த விண்ணரசின்னு கேக்கேன்லா?"

பொய் சொல்லிவிடலாம். இரண்டும் வந்திருக்கும், போய்க் கேட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடலாம். ஐந்து நிமிடம் அவள் நிம்மதியாக இருக்கட்டுமே என்று தோன்றியது. ஆனால் அந்தக் கண்கள்! அந்தக் கண்களுக்கு முன்னால் எந்தப் பொய் நிற்கும்?

"தெரியல மெட்டில்டா. நான் தப்புப் பண்ணிட்டேன்."

நேசக்குமார் ஓடி வந்தார். ஜெபசுதா இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

"மொதல்ல மச்சாதுகிட்ட கேப்போம். ரெண்டும் வந்திருந்தா? நாமதான் எல்லாருக்கும் சொல்லியாச்சே, யாரும் பாக்கியில்லன்னு. டிவியில வேற ஓடுது. மறுபடியும் படகத் திருப்பி அனுப்பி, ஒண்ணும் இல்லன்னு ஆச்சுன்னா, நாளைக்கு நம்ம சொல்ல எவன் நம்புவான்?"

அவர் மச்சாதுவை அழைத்தார். எண் வேறு அழைப்பில் இருந்தது. மறுபடி அழைத்தார். மறுபடியும் அதே.

"ஒரு நிமிசம் இரும்மா. ஒரே நிமிசம்."

ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. மெட்டில்டா சுவரோடு ஒட்டி நின்றாள். அழவில்லை. கை மட்டும் கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சங்கிலி அறுந்துவிடும் போலிருந்தது.

மூன்றாவது தடவை மணி அடித்தது. நேசக்குமார் பேசியை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி செய்தார்.

"மச்சாது அண்ணாச்சி, பச்சை வள்ளம் வந்துட்டா?"

"என்ன இப்பம் கேக்குதீய?" மறுமுனையில் குரல் அதிர்ந்தது. "நீலம்தான் இங்கன கெடக்கு. பச்சையும் ஆறு ஆளும் எங்க ஒதுங்கியிருக்குன்னு அப்பமே புடிச்சுப் போன் போட்டுக்கிட்டுக் கெடக்கேன். எல்லாரும் வந்தாச்சுன்னு உங்க ஆபீஸ்லதானவே சொன்னாவ? அத நம்பித்தான நான் கடக்கரைய விட்டு வீட்டுக்கு வந்தேன்!"

மெட்டில்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெபசுதா வயர்லெஸ்ஸை எடுத்தாள். அதை எடுக்கும் பொறுப்பு அவளுக்கு இல்லை. நேசக்குமார் தடுக்கவும் இல்லை.

"மீட்புப் படகு, மீட்புப் படகு. திரும்புங்க. ஒரு வள்ளம் கடல்ல இருக்கு. பச்சை நிறம். பேரு விண்ணரசி. ஆறு பேரு. முன்ன சொன்ன தகவல் தப்பு. அந்தத் தப்பு என்னோடது."

கரகரப்புக்கு நடுவில் பதில் வந்தது. "நாங்க துறைமுகத்து வாயில்ல நிக்கோம். காத்து ஏறிட்டு. எந்தப் பக்கம் போறது? கடல் என்ன சின்னதா?"

ஜெபசுதா பட்டியலைப் பார்த்தாள். பெயர் தெரியும், நேரம் தெரியும். எந்தத் திசை என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. தரையில் இருந்த மெட்டில்டா தலையை நிமிர்த்தினாள்.

"தொலாயிரம் பாருக்கு" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "ரெண்டு நாளா அங்கனதான் வலை விடுதாவ. பார்ல கல்லு இருக்கு, நங்கூரம் புடிக்கும். எஞ்சின் நின்னாலும் அங்கனதான் கெடப்பாவ."

முத்து எடுத்த காலத்தில் பெயர் வைத்த கடலடிப் பாறைத்திட்டு அது. ஜெபசுதா அந்தப் பெயரை வயர்லெஸ்ஸில் இருமுறை சொன்னாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பது. மீட்புப் படகு வான் தீவைத் தாண்டி நின்ற நேரத்திலிருந்து முப்பத்தைந்து நிமிடம் வீணாகிவிட்டது. அத்தனையும் அவள் தட்டிய ஒரு வரியால்.



நான்கு மணிக்கு மழை இறங்கியது. நான்கு இருபதுக்கு மீட்புப் படகு, அலை அதிகம், மெதுவாகத்தான் போக முடியும் என்றது. நான்கரைக்கு மின்சாரம் போனது. திரை அணைந்தது; வயர்லெஸ் மட்டும் பேட்டரியில் உயிரோடு இருந்தது. ஜெபசுதா மெட்டில்டாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மெட்டில்டா நகர்ந்து தள்ளி உட்கார்ந்தாள். அந்த ஒரு சாண் இடைவெளி ஜெபசுதாவின் நெஞ்சை அறுத்தது. அவள் திட்டியிருக்கலாம். மயிரைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். நகர்ந்துவிட்டாளே!

ஐந்து மணிக்கு ஒரு செய்தியும் இல்லை. ஐந்தேகாலுக்கும் இல்லை. நேசக்குமார் வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே அறையை அளந்தார். ஐந்து இருபதுக்குக் கரகரப்பு எழுந்தது.

"பச்சை வள்ளம் தெரியுது. தண்ணி ஏறிக் கெடக்கு. ஆள் இருக்காங்க."

"எத்தன பேரு?" ஜெபசுதா கத்தினாள். "எண்ணிச் சொல்லுங்க! தலைய எண்ணிச் சொல்லுங்க!"

ஒரு நிமிடம் வெறும் காற்று இரைந்தது. அந்த ஒரு நிமிடத்தில் மெட்டில்டாவின் நகங்கள் சிமெண்ட் தரையைப் பிறாண்டின.

"ஒண்ணு... ரெண்டு பேர ஏத்திட்டோம்... மூணு... நாலு..." அங்கே நின்றது.

"அண்ணே! மிச்சம் ரெண்டு பேரு?"

"இருங்கம்மா, அலை தள்ளுது... அஞ்சு. ஒருத்தருக்குக் கையில நல்ல காயம், நங்கூரக் கயிறு அறுத்திருக்கு. அவரக் கட்டித் தூக்குதோம்... ஏத்திட்டோம். ஆறு. ஆறு பேரும் உசிரோட இருக்காங்க."

மெட்டில்டா வாய்விட்டு அழுதாள். இரண்டு மணி நேரமாக அடக்கி வைத்திருந்த அழுகை.

இருட்டும் நேரத்தில் மீட்புப் படகு கரைக்கு வந்தது. திரேஸ்புரத்துப் பெண்கள் மழையில் நனைந்துகொண்டே கூடி நின்றார்கள். கையில் துணி சுற்றி, உதடு நீலம் பாரித்து இறங்கியவன் அமலதாஸ்தான். மெட்டில்டா அவன் மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். அவன் அவள் தோளுக்கு மேலாக நேசக்குமாரைப் பார்த்துக் கேட்டான்.

"மூணு மணிக்குப் படகோட வெளிச்சம் தூரத்துல தெரிஞ்சுது அண்ணாச்சி. சட்டையக் கழத்திக் காட்டுனோம். பொசுக்குன்னு திரும்பிப் போயிட்டு. ஏன் திரும்புனாவ?"

 நேசக்குமார் தொண்டையைச் செருமினார். "காத்து..." என்று தொடங்கினார்.

"காத்து இல்ல" என்றாள் ஜெபசுதா. முன்னால் வந்து நின்றாள். "ரெண்டு விண்ணரசி இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு வந்ததும் ரெண்டும் வந்துட்டுன்னு நான்தான் சொன்னேன். நான் சொல்லித்தான் படகு திரும்புச்சு."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "படிச்சவ செய்த வேலையப் பாரு" என்றாள். இன்னொருத்தி, "ஏளா, உம் புருசன் அங்கன இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பியா?" என்றாள். ஜெபசுதா தலை குனியவில்லை.  மழைநீர் அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

சுடலைக்கண்ணன் மட்டும், "தப்பக் கண்டு புடிச்சதும் அவதாம்ளா" என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

அமலதாசின் கையில் சுற்றிய துணி முழுக்கச் சிவந்துவிட்டது. ஜெபசுதா ஓடிப்போய் ஓர் ஆட்டோவை மறித்தாள். அவனை ஏற்றினார்கள். மெட்டில்டா ஏறினாள். ஜெபசுதா வெளியே நின்றாள். ஏறலாமா என்று கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை.

"என்ன பாத்துட்டு நிக்கீய?" என்றாள் மெட்டில்டா, அவளைப் பார்க்காமலேயே. "ஆஸ்பத்திரியில எழுதிக் குடுக்கணும்லா. எனக்கு எழுதத் தெரியுமா? ஏறுங்க."

மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அமலதாஸ் குளிரில் பற்கள் அடிக்க மனைவியின் மேல் சாய்ந்திருந்தான். பள்ளத்தில் ஆட்டோ ஒருமுறை குலுங்கியது. மெட்டில்டாவின் கை சட்டென்று நீண்டு ஜெபசுதாவின் மணிக்கட்டைப் பிடித்தது. அன்பில் பிடித்த பிடியல்ல அது. எலும்பு நொறுங்குமளவு பிடித்தாள். நகங்கள் தோலில் இறங்கின. வலியில் ஜெபசுதாவின் கண்கள் இருண்டன.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மெட்டில்டாவும் விடவில்லை. மருத்துவமனை வாசல் விளக்கு தெரியும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.